எலுமிச்சையில் கறுத்த கொக்கி

ஒன்பது இயந்திரங்கள். அவற்றில் கடையில் வாங்கியது ஒன்றே ஒன்று, அதுதான் இருப்பதிலேயே மட்டமானது என்கிறார் ஜெயலெட்சுமி. அது ஒரு டிரில். வாங்கிய வாரமே அதன் தண்டு ஆடுவதைக் கண்டுபிடித்து, பேரிங்கை மாற்றி, பெல்ட்டை மாற்றி, மேசையை மாற்றி, கைப்பிடியையும் மாற்றிவிட்டார்.

"அந்தக் கம்பெனிக்காரன் சாமான்ல இப்ப மிச்சம் இருக்கிறது பெயிண்டு மட்டும்தான்" என்று அதைக் காட்டும்போது அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணுகிறது.

ஜெயலெட்சுமிக்கு ஐம்பத்தேழு வயது. பினாங்கு ஜெலுத்தோங்கில் வரிசை வீடு. வீட்டு முன்கூரையின் கீழ் கார் நிற்க வேண்டிய இடத்தில் இயந்திரங்கள் நிற்கின்றன. கார் சாலையோரத்தில் வெயிலில் கிடக்கிறது. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் கருவிப் பட்டறையில் இருபத்தொன்பது வருடம் வேலை செய்தார். ஓய்வு பெற்ற மறுவாரம் பக்கத்து வீட்டார் குப்பையில் போட்ட துணி துவைக்கும் இயந்திரத்தை இழுத்து வந்து, அதன் மோட்டாரைக் கழற்றினார். அது இப்போது, ஓடும் உப்புத்தாள் பட்டையில் உலோகத்தைத் தேய்க்கும் பட்டைக் கிரைண்டர். அதன் உருளைகள் காய்கறி நறுக்கும் நைலான் பலகையிலிருந்து கடைந்தவை. பழைய ஆஸ்பத்திரிக் கட்டிலின் சட்டத்தில் ஒரு சிறிய லேத். சமையல் எரிவாயு உருளையை அறுத்துச் செய்த உலை. மோட்டார் சைக்கிளின் உதைக்கும் கம்பியைக் கைப்பிடியாக வைத்த வளைப்பான்.

எல்லாம் தன் சொந்த ஆசைக்குச் செய்தவை. யாருக்கும் விற்பதில்லை. யார் செய்து விற்பதும் அவருக்குப் பிடிப்பதில்லை.

அருவருப்பு அவருக்கு விரலில் இருக்கிறது. வெட்டிய உலோகத்தின் ஓரத்தில் மயிரிழைபோல் நிற்கும் பிசிறு கையில் பட்டால், சோற்றில் பல்லி கிடந்ததைப் போல முகம் சுருங்கும். நாசி கண்டார் சோற்றுக் கடையில் உட்கார்ந்தால் முதலில் தட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவுவார். பட்டர்வொர்த்துக்குப் போகும் ஃபெரியில் கைப்பிடிக் கம்பியின் வெல்டிங்கைப் பார்த்துவிட்டு, கடலைப் பார்க்காமலே அக்கரை சேர்வார். கைப்பையில் விரல் நீளத்தில் ஓர் அரம் எப்போதும் உண்டு. ஒரு கல்யாண மண்டபத்தில், மாப்பிள்ளை வருவதற்குள், வாடகைக் குத்துவிளக்கின் அடித்தட்டை அந்த அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். பெண் வீட்டார் அதை இன்னும் மறக்கவில்லை.

"பட்டுப் பொடவ கிழிஞ்சிருக்கும், தெரியுமா? எவன் செஞ்சானோ. அசிங்கம்."

அசிங்கம் என்பது அவருடைய அளவுகோல். அழகு என்ற சொல்லை அவர் பயன்படுத்தி யாரும் கேட்டதில்லை.

போன வருடம் தைப்பூசம் முடிந்த ஐந்தாம் நாள், அந்த அளவுகோல் அவருடைய தம்பியின் முதுகில் வந்து நின்றது.

தம்பி யுகேந்திரன், முப்பத்தொன்பது வயது, பட்டர்வொர்த்தில் ஒரு சரக்கு நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை. குறைமாதத்தில் பிறந்த மகள் பிழைத்ததற்காக, மூன்று வருடம் முதுகில் நூற்றெட்டு எலுமிச்சம்பழம் ஏற்றித் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடப்பதாக நேர்ந்துகொண்டவர். ஒவ்வொரு பழத்தையும் ஒரு கொக்கியில் கோத்து, அந்தக் கொக்கியைத் தோலில் ஏற்றுவார்கள். முதல் வருடம் லேசான அரிப்போடு போயிற்று. இரண்டாம் வருடம் நான்கு இடத்தில் சீழ் வைத்தது. புண்ணுக்கு மருந்து போட வந்த அக்கா, கட்டைப் பிரித்ததும் மூக்கைப் பொத்தவில்லை.

"கொக்கிய எங்கடா வச்சிருக்க?" என்றுதான் கேட்டார்.

கொக்கிகள் பூசை அறையில் ஒரு டப்பாவில் இருந்தன. பளபளவென்று வெள்ளிபோல் இருந்தன. பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தபோது பளபளப்பு தோல் தோலாக உரிந்து கிடந்தது. உள்ளே வெறும் இரும்பு. முனை, கிழிந்த தகரம்போல் இருந்தது. ஜெயலெட்சுமி ஒரு கொக்கியை எடுத்து ஒரு புதுப் பழத்தில் குத்தி வைத்தார். மறுநாள் காலை பழத்தை வெட்டினார். கொக்கி நின்ற இடத்தைச் சுற்றி, பேனா மை ஊற்றினாற்போல் கருவளையம்.

"இந்தச் சாறுதான்டா ஒன் முதுகுக்குள்ள எறங்கியிருக்கு."

கொக்கிகளைச் செய்து கொடுத்தவர் சுப்பையா. சிம்பாங் அம்பாட்டில் இருப்பவர். யுகேந்திரன் சேர்ந்திருந்த காவடிக் குழுவுக்கு அவர்தான் தலைவர், அலகு குத்துபவரும் அவர்தான். ஜெயலெட்சுமி வெட்டிய பழத்தைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு பாலம் கடந்து போனார். சுப்பையா டப்பாவைத் திறக்கவே இல்லை.

"கொக்கி குத்தம் இல்லம்மா. விரதம் குத்தம்" என்றார்.

"அண்ணே, முலாம் உரிஞ்சிருக்கு. பாருங்க."

"முப்பது வருசமா குத்துறேன். விரதம் சுத்தமா இருந்தவனுக்கு ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்ல. நீயே கேளு ஒன் தம்பிய. வேல எடத்துல நாப்பத்தெட்டு நாளும் என்ன தின்னான்னு கேளு."

யுகேந்திரன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். குழுவில் இன்னும் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். அதற்கு மேல் அந்தப் பேச்சுக்குக் கால் தேவைப்படவில்லை. அடுத்த மாதம் ஒரு விருந்தில், எதிரே உட்கார்ந்தவர் கோழிக் கறிப் பாத்திரத்தை யுகேந்திரன் பக்கம் தள்ளிவிட்டு, "எடுங்க தம்பி, ஒங்களுக்கு என்ன, தைப்பூசத்துலயே ஓடும்லா" என்றார். மேசை முழுக்கச் சிரித்தது. யுகேந்திரனும் சிரித்தார்.

அவர் விரதத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. ஆனால், கெட்டது அந்தச் சிரிப்போடு நிற்கவில்லை. ஒருநாள் அக்காவிடம் மெதுவாகக் கேட்டார். "ஆபிஸ் காப்பில, பிஸ்கட்ல ஏதாவது கலந்திருக்குமோக்கா? எனக்குத் தெரியாம?"

சீழ் பிடித்த முதுகைப் பார்த்தபோது சுருங்காத முகம் ஜெயலெட்சுமிக்கு அப்போது சுருங்கியது. இரும்பைச் செய்தவன் நிம்மதியாகத் தூங்குகிறான், அதைச் சுமந்தவன் பிஸ்கட் பொட்டலத்தைப் படித்துக்கொண்டிருக்கிறான்.

"மூணாவது வருசக் கொக்கிய நான் செய்யிறேன்" என்றார்.

மூன்றாவது வருடமும் முதுகு அழுகினால் யுகேந்திரனின் நேர்த்திக்கடன் ஊர் வாயில் மட்டுமல்ல, அவர் மனத்திலும் பொய்யாகிவிடும். இதை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

கம்பி, பழைய இரும்பு வியாபாரி முஸ்தஃபாவிடமிருந்து வந்தது. உடைத்த ஓர் உல்லாசப் படகின் கைப்பிடிக் கம்பிகள். கடல் உப்பில் இருபது வருடம் நின்றும் ஒரு புள்ளித் துரு இல்லாத எவர்சில்வர். ஜெயலெட்சுமி அதில் ஒரு துண்டை எலுமிச்சம்பழத்தில் இரண்டு நாள் குத்தி வைத்தார். பழம் அழுகத் தொடங்கியும் வளையம் விழவில்லை. அவ்வளவு கம்பியும் நூற்றுப் பன்னிரண்டு துண்டுக்குச் சரியாக வந்தது. நான்கு சோதனையில் போயிற்று.

இதற்கென்றே அவர் செய்த கருவிகள் இரண்டு. ஒன்று அந்த வளைப்பான்: கனமான தகட்டில் மூன்று முளைகள், ஒரு தடுப்பு. கைப்பிடியை ஓர் இழுப்பு இழுத்தால் கொக்கி. நூற்றெட்டாவது கொக்கியை முதல் கொக்கியின்மேல் வைத்தால் ஒன்றாகத் தெரியும். இன்னொன்று முனை சீவுவது: இரண்டு சிறிய உருளைகள் கம்பியைச் சுழற்றிப் பிடிக்க, பட்டைக் கிரைண்டர் பென்சில் சீவுவதுபோல் சீவும். முனையைக் கையால் சீவுவது அவருக்கு ஆகாது. "கை ஆடும். நாம நல்லா இருக்கோம்னு நெனக்கிற நாள்தான் ரொம்ப ஆடும்."

செய்தி எப்படியோ பரவியது. டிசம்பரில் ஒரு மாலை, சுப்பையாவின் குழுவைச் சேர்ந்த ஒருவர் கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. சட்டையின் தோள்பட்டையை மட்டும் இறக்கிக் காட்டினார். இரண்டு தழும்புகள், கருநீலமாக.

"எனக்கும்தான்க்கா. போன வருசம். வீட்டுல கூட சொல்லல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா விரதம் கெட்டுப்போச்சும்பாங்க."

"கெட்டுச்சா?"

"இல்லக்கா. சத்தியமா."

"அப்ப என் தம்பிய எல்லாரும் சேந்து சிரிச்சப்ப நீயும் சிரிச்சியா?"

ஹெல்மெட்காரர் சட்டையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். ஜனவரிக்குள் அப்படி ஏழு பேர் வந்தார்கள். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் சீழ் வைத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தார். புண்ணை மறைத்தால் பக்தி காப்பாற்றப்படும் என்பது கணக்கு. காப்பாற்றப்பட்டது சுப்பையாவின் கொக்கி.

"ஏழு பேருக்குச் சீழு. ஏழு வாயும் மூடியிருக்கு. துரு பரவாயில்ல, தேச்சா போயிரும்" என்றார் ஜெயலெட்சுமி.

அவருடைய சொந்தச் சறுக்கல் இதற்குப் பிறகுதான் வந்தது.

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. கொக்கிகளை மெருகேற்றிக்கொண்டிருந்தார். மின்விசிறி மோட்டாரில் துணிச்சக்கரம், அதில் தேய்க்க ஒரு சாம்பல் நிறப் பாலிஷ் கட்டி. வேறு ஏதோ சாமான் கொடுக்க வந்த முஸ்தஃபா, அந்தக் கட்டியைப் பார்த்துவிட்டு ஓரடி தள்ளி நின்றார்.

"அக்கா, இது கோயில் சாமானுக்கா போடுறீங்க?"

"ஏன் பாய்?"

"இதுல கொழுப்பு இருக்குல்ல. அரைச்ச மண்ண மிருகக் கொழுப்புல கொழச்சுதான் கட்டி புடிப்பானுங்க. என் கடைப் பையன்கள தொட விட மாட்டேன்."

"என்ன கொழுப்பு?"

"அதான் எழுத மாட்டேங்கிறானே. மாடா இருந்தா ஒங்களுக்கு ஆகாது. பன்னியா இருந்தா எனக்கு ஆகாது. எதுன்னு தெரியாததால நம்ம ரெண்டு பேருக்கும் ஆகாது."

தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருடம் அந்தக் கட்டியைக் கையில் பிடித்தவர் ஜெயலெட்சுமி. அதே கையோடு சாப்பிட்டிருக்கிறார், சாமி கும்பிட்டிருக்கிறார். அதுவரை ஒன்றும் தோன்றவில்லை. இப்போது முழங்கைவரை ஏதோ ஊர்வதுபோல் இருந்தது. கட்டியையும் துணிச்சக்கரங்களையும் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் எறிந்தார். மஞ்சள் தண்ணீரில் கை கழுவினார். மெருகேற்றிய கொக்கிகளைச் சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைத்தார். பிறகும் மனம் அடங்கவில்லை. உறையே பிரிக்காத ஒரு புதுக் கம்பி பிரஷ் அலமாரியில் இருந்தது. யாரும் தொடாதது, எந்தக் கொழுப்பும் படாதது. அதை மோட்டாரில் மாட்டி நூற்றெட்டுக் கொக்கியையும் ஒன்று விடாமல் தேய்த்தார்.

அந்தப் பிரஷ் இரும்புக் கம்பி.

எவர்சில்வர்மேல் இரும்புப் பிரஷ் படக்கூடாது. பட்டால் இரும்புத் துகள் மேற்பரப்பில் பதிந்து, ஈரம் பட்டதும் துருப்பிடிக்கும். தொழிற்சாலையில் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரிடமும் முதல் நாளே அவர் சொல்லிவந்த பாடம் அது. இரும்புப் பிரஷ், எவர்சில்வர் பிரஷ் இரண்டையும் தனித்தனி நிறத்தில் வைத்து, கலந்தவனை எல்லார் முன்னிலையிலும் திட்டுவார். அன்று அவர் கண்ணுக்குப் பிரஷ் சுத்தமாக இருந்தது. விரதத்துக்கான சுத்தம். உலோகத்துக்கு அது வேறு.

தைப்பூசத்துக்குப் பதினொரு நாள் இருந்தபோது, மாதிரிக்கு ஆறு கொக்கிகளை எடுத்து ஆறு பழத்தில் குத்தி வைத்தார். மறுநாள் வெட்டினார். மூன்றில் வளையம். சுப்பையாவின் கொக்கி போட்ட வளையம் அளவுக்குக் கறுப்பு இல்லை, டீக்கறைபோல் பழுப்பு. ஆனால் வளையம்.

ஜெயலெட்சுமி கத்தியைக் கழுவிவிட்டு யுகேந்திரனுக்குப் போன் செய்தார்.

"வேல முடிஞ்சு நேரா இங்க வா. நான் கெடுத்துட்டேன்."

யுகேந்திரன் வந்து ஆறு பழத்தையும் பார்த்தார். அக்காவின் முகத்தையும் பார்த்தார். அந்தக் கோணல் உதட்டை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அது அக்காவின் சொந்த வேலையை நோக்கித் திரும்பி அன்றுதான் பார்த்தார்.

"ஊருல உள்ளவன் சாமானெல்லாம் தடவித் தடவித் துப்புனேன்லா" என்றார் ஜெயலெட்சுமி. "இதோ. இதுவும் அசிங்கம்தான்."

"கம்பி கெட்டுப்போச்சா, மேல்தோல் கெட்டுப்போச்சா?"

இருபத்தொன்பது வருடத்தில் யாரும் அவரிடம் கேட்காத நல்ல கேள்வி அது. ஜெயலெட்சுமி ஒரு கொக்கியை எடுத்துப் பூதக்கண்ணாடிக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேல்தோல்" என்றார்.

தொழிற்சாலையில் இப்படி நேர்ந்தால் அமிலத்தில் ஊற வைப்பார்கள். துகள் கரைந்து போகும், எவர்சில்வர் நிற்கும். சிட்ரிக் அமிலம், எலுமிச்சையைப் புளிக்க வைப்பது எதுவோ அதுவே. மறுநாள் இருவரும் பாசாரில் இரண்டு மூட்டை எலுமிச்சம்பழம் தூக்கிவந்தார்கள். தைப்பூச நேரத்தில் பழத்துக்குத் தட்டுப்பாடு. "அக்கா, எத்தன காவடி எடுக்குறீங்க?" என்று கடைக்காரர் கேட்டார். சாற்றைப் பிழிந்து, வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டில் கொக்கிகளை ஊறப் போட்டார்கள். கழுவினார்கள். மறுபடி ஊறப் போட்டார்கள். பிறகு நூற்றெட்டுக் கொக்கியும் நூற்றெட்டுப் பழத்தில். மாதிரி எடுக்கும் வேலை இனி இல்லை. கூடம் முழுக்க நாளிதழ் விரித்து, வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எண். இரண்டு நாள் அந்த வீட்டில் யாரும் உட்காரவில்லை. பிழிந்த தோலின் வாடை சாலைவரை வந்தது. விரல் வெடிப்பெல்லாம் எரிந்தது.

வெட்டிப் பார்த்தபோது தொண்ணூற்றாறு பழம் உள்ளே வெள்ளையாக இருந்தது. பன்னிரண்டில் கறை. அந்தப் பன்னிரண்டு கொக்கிகளின் முனையிலும், பூதக்கண்ணாடியில் தெரியும் அளவுக்கு, ஊசிக்குழி. குழியில் அழுக்கு தங்கும். ஜெயலெட்சுமி அந்தப் பன்னிரண்டையும் வைஸின் இறுக்கத்தில் மாட்டி இரண்டிரண்டாக அறுத்துப் போட்டார். படகுக் கம்பி தீர்ந்துவிட்டது. முஸ்தஃபாவிடம் வேறு கம்பி இருந்தது, எதிலிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாதது. "சத்தியம் பண்ண முடியாதுக்கா" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கொக்கிகளைப் பூசையில் வைக்க வாங்கிப்போக, குழு வழக்கப்படி, சுப்பையா ஜெலுத்தோங்குக்கு வந்தார். எண்ணினார்.

"தொண்ணுத்தாறு. நேர்ந்தது நூத்தெட்டு" என்றார். தன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். பளபளவென்று பன்னிரண்டு.

ஜெயலெட்சுமி உள்ளே போய், போன வருடத்துக் கொக்கி ஒன்றைக் குத்திவைத்திருந்த பழத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வெட்டினார். பக்கத்தில், தன் கொக்கி நின்ற பழத்தை வெட்டினார். இந்த முறை சுப்பையா பார்த்தாக வேண்டியிருந்தது.

"கறுத்தா என்னம்மா? திருஷ்டி எறங்குதுன்னு அர்த்தம்."

"அண்ணே, இது பழம். நேத்து பாசார்ல வாங்குனது. இதுக்கு யாரு திருஷ்டி போட்டா?"

"ஒனக்கு இரும்புதான் தெரியும். சாமி காரியம் தெரியாது."

"இரும்பாவது எனக்குத் தெரியுது. ஒங்களுக்கு எது தெரியும்?"

சுப்பையா அவரை விட்டுவிட்டு யுகேந்திரனிடம் திரும்பினார். "நீ சொல்லு தம்பி. சாமிக்குக் கொறையா குடுக்கப் போறியா? மூணாவது வருசம்."

யுகேந்திரன் கையைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் சாய்ந்து நின்றார். "பன்னெண்டு கொறையுதேன்னு முருகன் கேட்டா, அவர்கிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன். முதுகு அழுகுனா ஒங்ககிட்ட பதில் சொல்லணும். அதுதாண்ணே முடியல."

"அப்ப குத்துறதுக்கு வேற ஆளப் பாத்துக்க."

"பாத்துக்கிறேண்ணே."

சுப்பையா டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். வாசலைத் தாண்டும்போது, ஜெயலெட்சுமி கண்ட சாமானையெல்லாம் தடவிப் பார்ப்பதுபோல், அவரும் அந்த வீட்டுக் கேட்டின் தாழ்ப்பாளை ஒருமுறை தடவிவிட்டுப் போனார். அதில் பிசிறு எதுவும் இல்லை.

அடுத்த நாள் ஹெல்மெட்காரர் வந்தார். இந்த முறை ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தார். தனக்கும் கொக்கி செய்து தர முடியுமா என்று கேட்டார். ஜெயலெட்சுமி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கம்பி இல்ல. இருந்தாலும் மொதல்ல போய் ஒன் புண்ண நாலு பேருகிட்ட காட்டு. அப்பறம் வா."

தைப்பூசம் பிப்ரவரி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. யுகேந்திரன் தொண்ணூற்றாறு பழத்தோடு நடக்கிறார். குத்துவது பட்டர்வொர்த்திலிருந்து வரும் வேறொருவர். மலையில் கொக்கிகளைக் கழற்றியதும் பழங்களை வெட்டிப் பார்க்க, கைப்பையில் அரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கத்தியை ஜெயலெட்சுமி இப்போதே எடுத்து வைத்துவிட்டார்.